ஸ்டூவர்ட் ரெக்கி வண்டியை மீட்டெடுப்பது: எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வண்டியைப் பற்றியது. அமெரிக்காவில் 1943-இல் செய்யப்பட்ட எம்3ஏ3 இலகு டாங்கி. பிரிட்டிஷ் படையில் அதற்கு ஸ்டூவர்ட் 5 என்று பெயர். 1944-45-இல் பல ரெஜிமெண்டுகள் அதன் டரட்டை, அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டை, கழற்றிவிட்டு, மேலே திறந்த நிலையில் வேவு பார்க்க ஓட்டின. அந்த வடிவம்தான் ஸ்டூவர்ட் ரெக்கி.

இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில், வார இறுதியில் கூடும் சிறு குழுவாக நாங்கள் அப்படி ஒன்றை ஓடவைத்தோம். பிறகு வேறு இரண்டு குழுக்களுக்குக் கைகொடுக்கப் போனேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் செய்த வேலையையே இரண்டாம் முறை செய்துகொண்டிருந்தார்கள். காரணம், வரிசை. அதனால் வேலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அதே வரிசையில் எழுதியிருக்கிறேன். தாண்டிப் படிக்காதீர்கள்.

1. எந்த ரெஜிமெண்டின் வண்டி என்று முடிவு செய்யுங்கள்

டரட் இல்லாத ஸ்டூவர்ட் எல்லாம் ரெக்கி ஆகிவிடாது. போர் முடிந்ததும் இந்த டாங்கிகள் பல நாடுகளில் மலிவாக விற்கப்பட்டன. ஆஸ்திரேலியாவில் விவசாயிகள் பழைய எம்3 ஸ்டூவர்ட்டுகளை வாங்கி, மேல்பாதியை வெட்டியெடுத்து டிராக்டராக ஓட்டினார்கள். டரட் எங்கே, எதற்காகப் போனது என்பதை உங்கள் வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்பது என்று ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

முடிவை ஏன் இவ்வளவு முன்னதாக எடுக்க வேண்டும்? ரெக்கிக்கு எல்லா ரெஜிமெண்டுக்கும் பொதுவான ஒரே வடிவம் கிடையாது. டரட் இருந்த வட்டத்தைச் சுற்றி ஒருவர் தகரத் தடுப்பு வைத்தார், இன்னொருவர் வைக்கவில்லை. ஒருவர் முன்னால் .30 பிரௌனிங் துப்பாக்கியை நிறுத்தினார், வேறொருவர் .50 வைத்தார். இருக்கை, பெட்டி, ஒயர்லெஸ் எல்லாமே வண்டிக்கு வண்டி மாறும். எந்தத் தாங்கியை எங்கே வெல்டிங் செய்வது என்பது இந்த முடிவைப் பொறுத்தது.

ஒரு ரெஜிமெண்ட், ஒரு காலகட்டம், முடிந்தால் ஒரே ஒரு புகைப்படம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் தொகுப்பு உண்டு. வடமேற்கு ஐரோப்பாவில் போரிட்ட பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ 171 என்ற வரிசையில் இருக்கின்றன. ஒரு கவச ரெஜிமெண்டின் வேவுப் பிரிவில் 11 ஸ்டூவர்ட்டுகள் இருந்தன. அதில் ஒன்றின் தெளிவான படம் கிடைத்தாலே போதும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பிடித்த ஐந்து படங்களிலிருந்து படத்துக்கொரு அம்சத்தை எடுத்துச் சேர்ப்பது. கடைசியில் எந்தப் படையிலும் இல்லாத ஒரு வண்டி உருவாகிவிடும். பார்ப்பவர் யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்து போனவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தரை. டரட்டோடு இந்த வண்டி சுமார் 14.7 டன். டரட் இல்லாவிட்டாலும் மண் தரையில் ஜாக்கி சாயும். கான்கிரீட் தரையும், ரயில் பாதைக்குப் போடும் தடித்த மரக்கட்டைகளும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் படுக்கக் கூடாது. எப்போதும் கட்டை அடுக்கு, அதன் மேல் வண்டி, அதற்கு அப்புறம்தான் மனிதர்.

தூக்கும் ஏற்பாடு. எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தூக்க கொட்டகையின் உத்தரத்தை நம்பாதீர்கள். சோதனைச் சான்றிதழ் உள்ள செயின் பிளாக்கும், அதைத் தாங்கத் தனியாக நிற்கும் இரும்புச் சட்டமும் ஏற்பாடு செய்யுங்கள்.

கையேடு. அமெரிக்க ராணுவத்தின் டி.எம் 9-726 வரிசைக் கையேடுகளும், உதிரிபாகப் பட்டியலும். இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கிரீஸ் பட்டு வீணாகும்.

ஸ்பேனர். வண்டி அமெரிக்க அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுங்கடித்துவிட்டு அப்புறம் வருந்துவதில் பயன் இல்லை.

இன்னொன்று, நாள் பிடிக்கும் வேலைகளை முதல் வாரத்திலேயே வெளியே அனுப்பிவிடுங்கள். சக்கரங்களுக்குப் புது ரப்பர் ஒட்டுவது, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைப் புதுப்பிப்பது, ரேடியேட்டர் கடைக்காரர் போன்ற ஒருவரிடம் ஆயில் கூலரைச் சோதிக்கக் கொடுப்பது, ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) தேடுவது எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். எங்கள் வண்டி சக்கரங்களுக்காக மட்டும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டைமேல் காத்திருந்தது. அனுப்பியிருக்க வேண்டியது தொடக்கத்தில், நாங்கள் அனுப்பியது நடுவில்.

3. கழற்றும் முன் ஆபத்தைத் தேடுங்கள்

கையுறை, முகமூடி, டார்ச் லைட் எடுத்துக்கொண்டு ஒரு முழு நாள் பார்வையிடுங்கள். அன்றைக்கு ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பக் கூடாது.

பழைய தோட்டா. துப்பாக்கிப் பயிற்சித் திடலில் கிடந்த வண்டியாக இருந்தால் உள்ளே வெடிக்காத குண்டுகூட இருக்கலாம். தரைத் தகட்டில் சேர்ந்த சேற்றை மண்வெட்டியால் வாராமல், கையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் தொடாமல் வெளியே வந்து போலீஸை அழையுங்கள்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). பிரேக் லைனிங், புகைபோக்கிக் குழாய்மேல் சுற்றிய துணி, சில கேஸ்கட்டுகள். காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது எல்லோருக்கும் பழகிய வேலை, இங்கே அதுதான் கூடாத வேலை. நனைத்துவிட்டு, அதற்கான உரிமம் உள்ளவர்களிடம் விடுங்கள்.

மீட்டர்கள். இருட்டில் ஒளிரும் முள் உள்ள பழைய மீட்டர்களில் ரேடியம் பூச்சு இருக்கக்கூடும். கண்ணாடியைத் திறந்து துடைக்காதீர்கள்.

பழைய பெயிண்டில் ஈயம் உண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் நுரையீரலுக்குப் போகும்.

4. கழற்றுவது

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து, அருகிலிருந்து, பக்கவாட்டில். படத்தில் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும்.

கழற்றிய பாகத்தில் கட்டும் அடையாளச் சீட்டுக்கு உலோக வில்லை நல்லது. முதல் இரண்டு மாதம் நாங்கள் பிளாஸ்டிக் பையில் மார்க்கர் பேனாவால் எழுதினோம். டீசல் பட்ட கை எடுத்த பையிலெல்லாம் எழுத்து அழிந்தது. எண் தட்டிய அலுமினிய வில்லையைக் கம்பியில் கட்டிவிட்டால் அது டீசலையும் தாங்கும், பத்து வருடத்தையும் தாங்கும்.

வரிசை: ட்ராக், பெட்ரோல் டேங்குகள், பேட்டரியும் ஒயரும், எஞ்சின், புரொப்பெல்லர் ஷாஃப்ட், முன்னால் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும், கடைசியாகச் சக்கரத் தொகுதிகள். பெட்ரோல் டேங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால், மற்ற எல்லா வேலையிலும் தீப்பொறி வரும். காலியான டேங்க்தானே என்று விடாதீர்கள். நிரம்பிய டேங்கைவிட ஆவி நிறைந்த காலி டேங்க்தான் வெடிக்கும்.

சக்கரத் தொகுதியில் ஓர் எச்சரிக்கை. பக்கத்துக்கு இரண்டு தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். நடுவில் கூம்பாகச் சுருட்டிய வால்யூட் ஸ்பிரிங்குகள் வண்டியின் எடையைத் தாங்கி அழுந்தி நிற்கின்றன. பின்னால் தரையைத் தொட்டு ஓடும் பெரிய ஐட்லர் சக்கரத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. துருப்பிடித்த போல்ட் வரவில்லை என்று கேஸ் கட்டிங் வைத்து அறுத்தால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு போலப் பாயும். முதலில் அதை இறுக்கிப் பிடிக்கும் கருவியைப் போட்டுவிட்டு அதன்பின் போல்ட்டைத் தொடுங்கள்.

5. உடல்: ஓட்டைகளைப் படியுங்கள்

அதிகம் அவசரப்படுவதும் அதிகம் நஷ்டப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

எல்லாம் கழற்றிய வெற்று உடலைக் கட்டைமேல் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். மூலைக்கு மூலை அளந்து, முறுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டிராக்டராக ஓடியிருந்தால் முன்னால் பிளேடு, பின்னால் வின்ச் மாட்டிய வடுக்கள் இருக்கும். டரட் வட்டத்தின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய விளிம்பு வழவழப்பாக இருக்கும். பண்ணையில் கேஸ் கட்டிங்கில் அறுத்தது பல்பல்லாக இருக்கும்.

அடுத்து, ஓட்டைகள். எங்கள் வண்டியில் டரட் வட்டத்துக்கு முன்னால், வரிசை தப்பாமல், நான்கு ஓட்டைகள் இருந்தன. கையேட்டின் எந்தப் படத்திலும் அவை இல்லை. பண்ணைக்காரர் போட்டதாக எண்ணி அடைக்கச் சொல்லிவிட்டேன். வெல்டிங் கம்பியை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குழுவில் மூத்த ஒருவர் மரை அளக்கும் சீப்பு ஒன்றை ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தார். அரை அங்குல ஓட்டை, அங்குலத்துக்கு 12 மரை. அமெரிக்கத் தடித்த மரை என்றால் 13 வர வேண்டும். 12 என்பது பிரிட்டிஷ் விட்வொர்த். அமெரிக்க வண்டியில் பிரிட்டிஷ் மரை! வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தோம். எங்களிடமிருந்த படத்தில் துப்பாக்கித் தாங்கி நின்ற இடமும் அந்த நான்கு ஓட்டைகளின் இடமும் சரியாகப் பொருந்தின. ஏதோ ஒரு வயல்வெளிப் பட்டறையில் ஒருவர் கையால் போட்ட ஓட்டைகளை இன்னும் இரண்டு நிமிடத்தில் அழித்திருப்போம்.

ஆகவே விதி இது: ஒவ்வொரு ஓட்டையையும் எண் போட்டு, விட்டம், மரை, இடம் மூன்றையும் நோட்டில் எழுதும் வரை எதையும் அடைக்கக் கூடாது. பிரிட்டிஷ் மரை இருந்தால் அங்கே பிரிட்டிஷ் பட்டறையின் கை பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வண்டியாக இருந்தால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், அங்கே பண்ணைகளிலும் இதே மரைதான் புழங்கியது.

பெயிண்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். உடலை நேராக மணல் அடிக்க, அதாவது மணலைப் பீய்ச்சிப் பெயிண்டை உரிக்க, அனுப்பிவிடாதீர்கள். பக்கவாட்டுத் தகட்டில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் வட்டமாக, அடுக்கடுக்காகத் தேயுங்கள். பிரிட்டிஷ் பதிவு எண் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும், வெள்ளையில் இருக்கும். அது கிடைத்துவிட்டால் வண்டியின் பாதி வரலாறு கையில். ஒருநாள் மணல் அடித்தால் அது நிரந்தரமாகப் போயிற்று.

துரு அதிகம் தங்கும் இடங்கள் தரைத் தகடும், ட்ராக்குக்கு மேலே பக்கவாட்டில் நீண்டிருக்கும் பெட்டிப் பகுதியின் அடித்தகடும். மேலே மூடியில்லாமல் வருடக்கணக்கில் மழை குடித்த வண்டி அல்லவா. மெல்லிய தகட்டை வெட்டிப் புதிது போடலாம். தடித்த கவசத் தகட்டைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை விரிசல் விடும், சில நாள் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். ஹைட்ரஜன் குறைந்த ராட், அதுவும் அடுப்பில் உலர்த்தியது, கூடவே தகட்டை முன்சூடாக்குவது. இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

6. மேல்தளத்தை இப்போதே பொருத்திப் பாருங்கள்

எல்லோரும் கடைசிக்குத் தள்ளும் வேலை இது. துப்பாக்கித் தாங்கி, தகரத் தடுப்பு, இருக்கை, ஒயர்லெஸ் தட்டு, பெட்டிகள், கேன்வாஸ் கொக்கிகள் எல்லாம் அலங்காரம், வண்டி ஓடியபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அப்புறம் என்ன ஆகும்? பெயிண்ட் அடித்த உடலில், பெட்ரோல் டேங்குக்கு அரை அடி தள்ளி, புது ஒயரிங்குக்கு மேலே வெல்டிங் செய்ய வேண்டி வரும். நான் உதவப் போன ஒரு குழு இதற்காகவே இரண்டு டேங்கையும் மறுபடி இறக்கியது.

உடல் வெறுமையாக இருக்கும் இந்தக் கட்டத்தில்தான் எல்லாத் தாங்கிகளையும் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் அட்டையிலும் மரப்பலகையிலும் மாதிரி செய்து, ஆட்களை உள்ளே உட்காரவையுங்கள். கோட்டு, பூட்ஸ் போட்ட நான்கு பேர். காகிதத்தில் சரியாகத் தெரியும் இருக்கை, கால் நீட்டினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மேல் மூடியில் இடிக்கும். எஞ்சின் பின்னால், கியர் பாக்ஸ் முன்னால், ஷாஃப்ட் ஆட்களுக்கு நடுவே. அந்த மூடி தளர்ந்தாலோ இல்லாவிட்டாலோ சுழலும் இரும்பின் பக்கத்தில் கால் இருக்கிறது என்று பொருள். அதை இப்போதே உறுதியாகச் செய்யுங்கள்.

ஒயர்லெஸ். எம்3ஏ3-இல் ரேடியோ டரட்டின் பின்புறத்தில் இருந்தது. டரட் போனதால் அது உடலுக்குள் இறங்க வேண்டும். பிரிட்டிஷ் வண்டிக்கு நம்பர் 19 செட். அதன் சப்ளை யூனிட் வண்டியின் வோல்ட்டேஜுக்குப் பொருந்துகிறதா என்று தட்டு செய்வதற்கு முன்பே பாருங்கள், அளவு மாறும். மழை நேராக விழாத இடத்தில் வையுங்கள். ஏரியல் ஒயர் போகும் வழியையும் இப்போதே துளையிடுங்கள்.

மழைநீர் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். திறந்த வண்டி இது. தரையின் வடிகால் மூடிகளை நாம் கட்டும் பெட்டிகள் மறைக்கக் கூடாது.

துப்பாக்கிக்குத் தாங்கி போதும், துப்பாக்கி பிறகு. பிரிட்டனில் செயலிழக்கச் செய்த துப்பாக்கி என்றால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாததை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

டரட்டைக் கழற்றுவது பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகளின் தந்திரம் மட்டுமில்லை. 1948-இல் காஷ்மீரின் ஜோஜி லா கணவாய்க்கு இந்திய ராணுவத்தின் 7-ஆம் குதிரைப்படை தன் ஸ்டூவர்ட்டுகளை ரகசியமாகக் கொண்டுபோனபோது, வழியில் டரட்டுகளைக் கழற்றித்தான் நகர்த்தியது. கணவாய்க்குப் பாதை வெட்டியவர்கள் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள். அங்கே டரட்டை மறுபடி மாட்டிப் போருக்குப் போனார்கள். அந்த வண்டிகள் ஸ்டூவர்ட் 6. நம் வண்டியின் தம்பி.

பொருத்திப் பார்த்து, துளையிட்டு, வெல்டிங் முடித்ததும் எல்லாவற்றையும் கழற்றி எண் போட்டு வையுங்கள். உடலைச் சுத்தம் செய்து உள்ளும் புறமும் பிரைமர் அடியுங்கள். இதற்குப் பிறகு இந்த வண்டியில் வெல்டிங் கிடையாது என்று கொட்டகைக் கதவில் எழுதி ஒட்டினோம். ஒட்டியது நல்லதாயிற்று.

7. கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும்

எஞ்சினுக்கு முன் இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கினால் எல்லோருக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிடும், பிரேக் தயாராக இருக்காது.

இந்த வண்டியில் திருப்புவதும் நிறுத்துவதும் ஒரே உறுப்புதான், டிஃபரன்ஷியல். இரண்டு நெம்புகோல். இடதை இழுத்தால் இடப்பக்க ட்ராக் மெதுவாகி, வலப்பக்கம் வேகமாகும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் வண்டி நிற்கும். ஆக, பிரேக் லைனிங் மோசமானால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

எண்ணெயை வடித்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பாருங்கள். வெள்ளித் தூள் போல இருந்தால் வழக்கமான தேய்மானம். கையில் எடுக்கும் அளவு துண்டு கிடைத்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். ஆயில் சீல் எல்லாவற்றையும், நன்றாக இருப்பவற்றையும் சேர்த்து, மாற்றுங்கள். பத்து ரூபாய்ப் பொருளுக்காகப் பத்து நாள் கழற்றும் வேலையை மறுபடி செய்ய வேண்டாம்.

8. சக்கரங்கள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேரிங்குகளைக் கழுவி, விரலால் சுற்றிக் கேளுங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். ரப்பர் ஓரத்தில் பிரிந்திருந்தால் பசை போட்டு ஒப்பேற்ற முடியாது. வால்யூட் ஸ்பிரிங்குகளை இரண்டிரண்டாக உயரம் அளந்து ஜோடி சேருங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும்.

9. எஞ்சின்: கீழே இருக்கும் சிலிண்டர்கள்

கான்டினென்டல் டபிள்யூ-670. விமானத்திலிருந்து வந்த எஞ்சின். ஏழு சிலிண்டர்கள் நட்சத்திரம் போலச் சுற்றி நிற்கும், காற்றால் குளிரும், சுமார் 250 குதிரைசக்தி. உச்சியில் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அடியில் தலைகீழாகத் தொங்குபவை நான்கும் ஐந்தும். இந்த இரண்டைப் புரிந்துகொள்ளாமல் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது.

எஞ்சின் நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கீழே இறங்கும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடிச் சிலிண்டர்களின் தலைப்பகுதியில் தேங்கும். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் எண்ணெயில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். கொடுமை என்னவென்றால் எஞ்சின் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகக்கூடும். வளைந்த ராட் சில மணி நேரம் ஓடிவிட்டுத்தான் உடையும், உடையும்போது பக்கத்திலிருப்பதையும் உடைத்துக்கொண்டு போகும். நல்ல ஆர்வமுள்ள ஓர் இளைஞர், எல்லோரும் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், ஒரே ஒரு முறை பொத்தானை அழுத்தினார். டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த எஞ்சினை முழுக்கப் பிரிக்க வேண்டியதாயிற்று. பொத்தானை அழுத்தக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது: இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியால் எஞ்சினை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சின் இரண்டு முழுச் சுற்று சுற்றினால் ஏழு சிலிண்டரும் ஒருமுறை அமுக்கத்தைக் கடந்துவிடும். கையில் ஏழு அமுக்கத்தையும் எண்ணுங்கள். எங்காவது சுவரில் முட்டியது போல நின்றால் பலம் போடாதீர்கள். அடிச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியுங்கள்.

பின்பக்கமாகச் சுற்றி விடுவிக்கலாமே என்று தோன்றும். கூடாது. அப்படிச் செய்தால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும், ஸ்டார்ட் ஆன நொடியில் மறுபடி சிலிண்டருக்குள் வரும்.

மற்றவை: சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 14, இரண்டு மேக்னெட்டோ. தீப்பற்றும் வரிசை 1-3-5-7-2-4-6. ஒயர் மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டுத் தேடாதீர்கள். சிலிண்டர்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகடுகள் ஒன்றும் செய்யாதவை போலத் தெரியும். காற்றைச் சிலிண்டரின் பின்புறம்வரை சுற்றவைப்பவை அவை. ஒன்று குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் வெந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தத்தோடு எண்ணெய் செலுத்தி, மீட்டரில் முள் எழும் வரை சுற்றுங்கள். வருடக்கணக்கில் உலர்ந்த பேரிங் எண்ணெய் இல்லாமல் சுற்றினால் முதல் அரை நிமிடத்திலேயே கீறிவிடும்.

முடிந்தால் எஞ்சினை வண்டிக்கு வெளியே, இரும்புச் சட்டத்தில் மாட்டி, விசிறியும் மூடியும் இருக்க ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் கசியும் இடத்தை வெளியே பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். உள்ளே அது இரண்டு நாள் வேலை.

10. பெட்ரோலும் ஒயரிங்கும்

80 ஆக்டேனுக்குச் செய்த எஞ்சின், இன்றைய பெட்ரோல் தாராளமாகப் போதும். பிரச்சினை எத்தனால். பழைய ரப்பர் குழாயையும் கார்க்கையும் அது கரைக்கும். குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். தீயணைப்பு சிலிண்டரை நிரப்பிச் சோதிக்காமல் பெட்ரோல் ஊற்ற வேண்டாம்.

ஒயரிங்கைப் பழைய நிறத்துணி உறையோடு புதிதாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே நவீன ஒயர் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் சேருங்கள்.

11. ட்ராக்

ரப்பர் கட்டைகள் இருபுறமும் தேயக்கூடியவை, ஒருபுறம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் சத்தம் உள்ளே காலியானது போலக் கேட்கும்.

தரையில் நீட்டி வைத்து, வண்டியை அதன்மேல் உருட்டி, மேல்பாதியை முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் ஏற்றுங்கள். இரண்டு முனையையும் இழுத்துச் சேர்க்க அதற்கென்றே இணைப்புக் கருவி ஜோடி இருக்கிறது. கடப்பாரையால் நெம்பிச் சேர்க்க முயன்று விரலை இழக்காதீர்கள். அப்புறம் ஐட்லரை நகர்த்தி இறுக்கத்தைக் கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். புதியவர்கள் கிடார் கம்பி போல இறுக்குவார்கள். அது பேரிங்கையும், பல்சக்கரத்தைச் சுழற்றும் ஃபைனல் டிரைவையும் தின்றுவிடும்.

12. பெயிண்டும் குறிகளும்

இங்கே உங்கள் புகைப்படம்தான் எஜமான். அமெரிக்காவிலிருந்து வந்த வண்டிகள் பெரும்பாலும் வந்த ஆலிவ் நிறத்திலேயே ஓடின. பளபளப்பு கூடாது. வேவுப் பிரிவு ரெஜிமெண்டின் தலைமை ஸ்குவாட்ரனை (உட்பிரிவை) சேர்ந்தது, ஆகவே வைர வடிவக் குறி வர வேண்டும். பலர் ஏ ஸ்குவாட்ரனின் முக்கோணத்தைப் போட்டுவிடுகிறார்கள். கவச டிவிஷனின் டாங்கி ரெஜிமெண்டுகளுக்குச் சிவப்புச் சதுரத்தில் வெள்ளையில் 51, 52, 53 என்ற எண்கள். டிவிஷன் சின்னம் தனி: 7-ஆம் கவச டிவிஷனுக்குப் பாலைவன எலி, 11-ஆம் டிவிஷனுக்கு மஞ்சளில் கறுப்புக் காளை. ஸ்டிக்கர் ஒட்டாமல் தூரிகையால் எழுதுங்கள். அன்றைக்கும் அப்படித்தான் எழுதினார்கள், கொஞ்சம் கோணலாக.

13. முதல் ஓட்டம்

சாலையில் கொண்டுபோக பிரிட்டனில் பதிவும், ஓட்டுபவருக்கு ட்ராக் வண்டிக்கான ‘எச்’ வகை உரிமமும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டி என்றால் சுங்க வரிக் காகிதம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். தனியார் நிலத்தில்தான் தொடங்குங்கள்.

ஐம்பது மீட்டர் போய் நில்லுங்கள். ஒவ்வொரு சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அது இறுக்கமாக இருக்கிறது. இந்த வண்டி நின்ற இடத்தில் சுழலாது, பெரிய வட்டம் வேண்டும். முன்னால் கையசைத்து வழிகாட்டுபவர் எப்போதும் ஓட்டுநரின் கண்ணில் படும் தூரத்தில், ட்ராக்குக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் ஓடியதும் ட்ராக் இணைப்பு நட்டுகள் அனைத்தையும் மறுபடி இறுக்குங்கள். புது ரப்பரும் புது பெயிண்டும் அமர்ந்துகொள்ளும்போது கட்டாயம் தளரும். கொட்டகைக்குத் திரும்பியதும் கேன்வாஸை மூடுங்கள், வடிகால் மூடிகளைத் திறந்து வையுங்கள், ஸ்டார்ட்டர் பொத்தானின் மேல் சிவப்புச் சீட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலை, கைப்பிடியை மாட்டி ஏழு எண்ணுவது.